தண்ணி விழுத சத்தம்

"தண்ணி விழுத சத்தம் காதுல கேக்காம எனக்கு ஒறக்கமே வரமாட்டேங்கு, பாத்துக்கிடுங்க."

பென்னலூரில் இதைக் கேட்காத காது கிடையாது. பால்காரர் கேட்டிருக்கிறார். கேஸ் சிலிண்டர் போட வந்தவர் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டே முழுசாகக் கேட்டிருக்கிறார். ரேஷன் கடையில் முன்னால் நின்றவர், பின்னால் நின்றவர், எடை போட்டவர் எல்லோரும் கேட்டாயிற்று. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் சந்தனமாரியோடு ஷேர் ஆட்டோவில் ஏறியவர்களுக்கு, ஒரகடம் வருவதற்குள் அது மனப்பாடம் ஆகிவிடும். ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்று யாராவது வாயைத் திறந்துவிட்டால் போதும். "நீங்க குடுத்து வச்சவுக" என்று ஒரு பெருமூச்சு வரும். அதன் பின்னாலேயே மேற்படி வாக்கியம் வரும்.

சந்தனமாரி குற்றாலத்துக்காரி. ஐந்தருவிக்குப் போகிற ரோட்டோரம் வீடு. குளிக்க வருகிறவர்களின் துணி, செருப்பு, செல்போன், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் வாங்கிவைத்துப் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பதுதான் கல்யாணத்துக்கு முன்னால் அவள் பார்த்த வேலை. ஒரு பெரியவர் பல்செட்டைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். அவர் திரும்பி வரும்வரை அதை இலையில் வைத்துப் பிடித்துக்கொண்டே நின்றாளாம். சீசன் விழுந்துவிட்டால் இரைச்சல் பகலெல்லாம் காதில், இரவெல்லாம் தலைமாட்டில். தாலாட்டுக்கு ஆள் தேவைப்படாத பிள்ளையாக வளர்ந்தாள்.

மாப்பிள்ளை வனமாமலையைப் பற்றித் தரகர் சொன்னது இவ்வளவுதான்: "பையன் மெட்ராஸ் பக்கம் கார் கம்பெனியில இருக்கான். நாள்பூரா தண்ணி விழுத எடத்துல வேலை." அதற்குமேல் சந்தனமாரி எதையும் கேட்கவில்லை.

தரகர் பொய் சொல்லவில்லை. செய்து முடித்த காரை ஒரு கூண்டுக்குள் நிறுத்தி, மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். எங்கேயாவது ஒழுகுகிறதா என்று காருக்குள் ஒருவன் உட்கார்ந்து டார்ச் அடித்துத் தடவித் தடவிப் பார்க்க வேண்டும். அந்த ஒருவன்தான் வனமாமலை. லைனில் இருக்கிற பையன்கள் அந்தக் கூண்டுக்கு வைத்திருக்கிற பெயர் ஃபால்ஸ். "அண்ணாச்சி எங்க?" "ஃபால்ஸ்ல குளிச்சிகினு கீறாரு" என்பார்கள். அவர் மேல் ஒரு சொட்டு விழுந்துவிட்டால் அந்தக் கார் ஃபெயில்.

ஆக, ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிற மனிதருக்குக் காதில் இரைச்சல் அடங்கவே ஒரு மணி நேரம் ஆகும். மின்விசிறிகூடச் சுற்றக் கூடாது, குழாய் சொட்டக் கூடாது, குக்கர் கத்தக் கூடாது. தண்ணீர்ச் சத்தமே வேண்டாம் என்று கும்பிடுகிற புருஷன், அது இல்லாமல் கண் மூடாத பெண்டாட்டி. நடுவில் மகள் கனிஷ்கா, பிளஸ் ஒன், வாய் கொஞ்சம் அதிகம்.

"எங்கம்மா ஆளப் பாத்துக் கட்டல. தண்ணியப் பாத்துக் கட்டுச்சு" என்று அவள் சொல்வாள். பென்னலூரில் பிறந்து வளர்ந்த பெண். அம்மாவிடம் ஒரு தமிழ், தெருவில் ஒரு தமிழ், பள்ளிக்கூடத்தில் ஒரு தமிழ்.

அந்தப் பள்ளிக்கூடத் தமிழால்தான் ஒருநாள் வீட்டில் சண்டை வந்தது. "நீர்வீழ்ச்சி" என்று கனிஷ்கா சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். சந்தனமாரி கரண்டியோடு வந்து நின்றாள்.

"என்னது வீழ்ச்சி?"

"அருவிதாம்மா. புக்குல அப்பிடித்தான் போட்டிருக்கு."

"விழுந்து கெடக்கதுக்கு அது என்ன சாராயம் குடிச்சிருக்கா? மலையில இருந்து எறங்கி வருதுட்டி அது. ராசாத்தி கணக்கா வரும். எழுதுனவன் பாத்திருக்க மாட்டான். வீழ்ச்சியாம் வீழ்ச்சி!"

"அப்ப நீ மட்டும் தண்ணி விழுது, தண்ணி விழுதுன்னு சொல்லுத?"

"மழை விழுது, சீசன் விழுது, தண்ணி விழுது. வந்து சேருததுக்குப் பேருட்டி அது. போயி ஒங்க டீச்சருட்ட சொல்லு."

கனிஷ்கா டீச்சரிடம் சொல்லவில்லை. ஆனால் தெரு முழுக்க அம்மா குரலிலேயே சொல்லிக் காட்டிவிட்டு வந்தாள்.

வீட்டுக்காரி பாஞ்சாலிக்கு இந்த அகராதியெல்லாம் ஆகாது. அவள் வாயில் 'தண்ணி விழுது' என்று வந்தால் ஒரே அர்த்தம்தான்: எங்கேயோ வீணாகிறது, ஓடு. பாஞ்சாலியின் மாமனார் ஊர் ஏரிக்கு மதகு திறந்துவிட்டவர். எந்தக் கழனிக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதில் பெற்ற மகனுக்கும் சலுகை காட்டாதவர். கழனி இருந்த இடத்தில் இப்போது வரிசையாக வாடகை வீடுகள். அந்த மகன், பாஞ்சாலியின் புருஷன் அப்பாவு, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மதகு போனாலும் அந்தக் கண்டிப்பு பாஞ்சாலியிடம் வந்து தங்கிவிட்டது. வாளி வழிந்தால் அவளுக்கு உடம்பு பதறும்.

அந்த வரிசையில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோருக்கும் பொதுவாக மாடியில் ஒரே டேங்க், மாடிப்படிக்குக் கீழே ஒரே மோட்டார். வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்து, மதியம் மோட்டார் போட்டு, டேங்க் நிரம்பியதும் நிறுத்த வேண்டும். வீட்டுக்காரி என்பதற்காகப் பாஞ்சாலியும் தப்பிக்க முடியாது, அவளுக்கும் ஒரு வாரம்.

சந்தனமாரியின் வாரம் வந்தால் இரண்டு விஷயங்கள் நடக்கும். ஒன்று, சந்தில் தண்ணீர் ஓடும். இரண்டு, சந்தனமாரி யாரிடமும் தூக்கத்தைப் பற்றிப் புலம்பமாட்டாள். ஊரில் யாருக்கும் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. மறதிக்காரி என்றே நினைத்தார்கள்.

"யம்மா குத்தாலம்!" என்று பாஞ்சாலி மாடியிலிருந்து கத்துவாள். "டேங்கு ரொம்பி ரோட்டுக்குப் பூட்ச்சு. காதுல இன்னா பஞ்சு வச்சிகினு கீறியா?"

"மறந்துட்டேங்க்கா."

"சோறு துன்ன மறக்கறியா? உங்க ஊர்ல சீசன் எத்தினி மாசம்?"

"சாரல் நல்லா இருந்தா மூணு மாசம்."

"அப்போ மிச்ச மாசம் ஊரே முழிச்சிகினு உக்காந்துருக்குமா?"

"சீசன்ல ஒறங்குனது வருசத்துக்கும் காணும்க்கா. அது வேற ஒறக்கம்."

பாஞ்சாலிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தக் கோபத்தில் டேங்குக்கு ஒரு அலாரம் வாங்கி, மோட்டார் பக்கத்தில் மாட்டினாள். தண்ணீர் நிரம்பினால் ஒரு பெண் குரல் பேசும்: "தொட்டி நிரம்பிவிட்டது. தயவுசெய்து மோட்டாரை நிறுத்தவும்." விடாமல் பேசும். நிறுத்துகிறவரை பேசும். பாஞ்சாலியே கொஞ்சம் பொறாமைப்பட்டாள்.

ஐப்பசியில் சந்தனமாரியின் முறை வந்தது. மதியம் மோட்டார் ஓடியது. நெடுநேரம் ஓடியது. அலாரம் பேசவில்லை. புதுசு வாங்கியது அதற்குள் செத்துவிட்டதா என்று பாஞ்சாலி இறங்கி வந்து பார்த்தால், அலாரப் பெட்டிக்குப் பூப்போட்ட தலையணை உறை மாட்டி, நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே அந்தப் பெண்மணி மூச்சுத் திணறி முனகிக்கொண்டிருந்தாள். பக்கத்துச் சந்தில் டேங்கின் வழிகுழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே ஒரு பழைய தகரம். அதன் மேல் விழுந்து தடதடவென்று இரைச்சல். தகரத்துக்கு எட்டடி தள்ளி, நனையாத இடமாகப் பார்த்துப் பாய் விரித்து, சந்தனமாரி வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வேறு.

பாஞ்சாலி போய் மோட்டாரை நிறுத்தினாள். தண்ணீர் மெலிந்து, சொட்டி, நின்றது. அந்த நொடியே சந்தனமாரி விசுக்கென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"எவ நிப்பாட்டுனது?" என்றாள், கண்ணைக்கூடத் திறக்காமல்.

"நான்தாம்மா. வூட்டுக்காரி."

கண் திறந்தது.

"வேணும்னே செஞ்சியாடி? இத்தினி நாளு மறதின்னு சொன்னதெல்லாம் டூப்பா? அந்தப் பொட்டிக்கு ஏண்டி ஜட்டி போட்டுவுட்ட?"

"தலையணை உறைக்கா அது" என்று சந்தனமாரி திருத்தினாள். "அந்தப் பொம்பள பேசுனா தண்ணிச் சத்தம் கேக்க மாட்டேங்கு."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பாஞ்சாலி மன்னித்திருப்பாள். "கார்த்திகை பொறக்கறதுக்குள்ள வூட்ட காலி பண்ணு" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் வனமாமலை காதைக் குடைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டார். திட்டவில்லை. கனிஷ்கா பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரத்தில், இந்த வாடகைக்கு, இன்னொரு வீடு கிடையாது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தார். கிடைத்ததெல்லாம் பேச்சிலர் ரூம்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மெதுவாகச் சொன்னார்.

"ஏ சந்தனம். நான் ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத. நம்ம மகாராஜா ரூம்ல ஒரு ஆளுக்கு எடம் இருக்காம். நான் அங்கன இருந்துக்கிடுதேன். நீயும் பிள்ளையும் ஊருக்குப் போயிருங்க. ஒனக்கும் தண்ணிச் சத்தம் கேட்டாப்புல இருக்கும்."

மகாராஜா அவரோடு வேலை பார்க்கிற தூத்துக்குடிப் பையன். அவர் சொன்னதில் குத்தல் எதுவும் இல்லை. மனப்பூர்வமாகத்தான் சொன்னார். இத்தனை வருஷம் சந்தனமாரி ஊரெல்லாம் கேட்டுத் திரிந்ததை ஒருவர் எடுத்து நீட்டுகிறார், கை நீளமாட்டேன் என்கிறது. அரிசி களைய எழுந்து போனாள். களைந்த அரிசியையே திரும்பக் களைந்தாள். ஐந்தருவி ரோட்டு வீடு கண்ணுக்குள் வந்தது, சத்தம் வந்தது, பாயும் வந்தது. பக்கத்தில் "ஃபேன நிப்பாட்டு" என்று முனகுகிற ஆளைத்தான் காணவில்லை. அங்கே காலையில் மாடியிலிருந்து "யம்மா குத்தாலம்" என்று யாரும் கத்தவில்லை. அப்படி ஒரு கத்தல் இல்லாமல் காப்பி எப்படி இறங்கும் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் படியேறினாள்.

"தப்புதாங்க்கா. நான் செஞ்சது தப்புதான்."

பாஞ்சாலி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முகம் கொஞ்சம் இளகியது. சந்தனமாரி அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஆனா ஒண்ணு சொல்லணும்க்கா. ஒங்க டேங்குல தண்ணி விழுதது அம்புட்டு அழகு."

"வீணாப் போற தண்ணி உனக்கு அயகா? எங்க மாமனாரு இருந்தா உன்ன மதகுல கட்டிப் போட்டுருப்பாரு. எய்ந்து போடி!"

மன்னிப்புப் படலம் முடிந்தது.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. விட்டுவிட்டுப் பெய்தது, விடாமல் பெய்தது. கம்பெனி பஸ்கள் பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. சந்தனமாரி அட்டைப்பெட்டிகளில் பாத்திரம் அடுக்கத் தொடங்கியிருந்தாள். மழை வெளிவாங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஈயச்சட்டியைப் பழைய சேலையில் சுற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"ஏட்டி கனிஷ்கா. தண்ணி விழுது."

"மோட்டார் போடலம்மா."

"மோட்டார் இல்ல. பெருசு. அந்தால இருந்து வருது" என்று ஏரிப்பக்கம் கையைக் காட்டினாள். கனிஷ்காவுக்கு லாரிச் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. ஈயச்சட்டியை அவள் கையில் திணித்துவிட்டுச் சந்தனமாரி தெருவில் இறங்கினாள். செருப்புப் போட மறந்துவிட்டாள். தெருமுனையில் எதிரே ஆட்டோவில் அப்பாவு வந்துகொண்டிருந்தார், பாதி உடம்பை வெளியே நீட்டிக்கொண்டு.

"ஏரி ரொம்பிடுச்சு! கலங்கல் போவுது! கலங்கல் போவுதுப்பா!"

ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கட்டியிருக்கும் நீளச் சுவர்தான் கலங்கல். அது வழிந்தால் ஊருக்குத் திருவிழா. பெண்கள் தட்டில் மஞ்சள், குங்குமம், பூ, காதோலை, கருகமணி எடுத்துப் போய்த் தண்ணீரில் விட்டுக் கற்பூரம் காட்டுவார்கள். சந்தனமாரி போய்ச் சேர்ந்தபோது பாஞ்சாலி முன்வரிசையில் தட்டோடு நின்றாள். ஆள் உயரச் சுவர். ஊர் அகலத்துக்குத் தண்ணீர் வெள்ளையாக வழிந்து, கீழே முழங்கால் ஆழச் சிமென்ட் தளத்தில் விழுந்து பொங்கியது. கம்பெனிப் பையன்கள் அதற்குள் இறங்கி ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுநாயகமாக மகாராஜா, ஒரு கையில் போன்.

பாஞ்சாலி இவளைப் பார்த்துவிட்டாள். "வந்துட்டாப்பா. எங்க கலங்கலப் பாத்துகினு உங்க ஊரு பெருமைய ஆரம்பிச்ச, உள்ளயே தள்ளிவுட்ருவேன்."

எல்லோரும் சந்தனமாரி வாயைப் பார்த்தார்கள். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, வாங்கப் போகிற மாட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"அருவி கணக்காதான்க்கா விழுது" என்றாள். "நீங்க எந்தப் பக்கம் குளிப்பிய?"

"குளிக்கறதா? பொம்பளைங்கோ இதுல எறங்கறதில்ல. பூ போடுவோம், கும்புடுவோம், வூட்டுக்குப் போவோம்."

"பாத்துட்டுப் போறதுக்கு இது என்ன போட்டோவா?"

சேலையை இழுத்துச் செருகினாள். குற்றாலத்துக் குரல் எங்கிருந்தோ வந்தது.

"ஏலே மகாராஜா! ஆம்பளைய எல்லாரையும் கூட்டிக்கிட்டு அந்த ஓரத்துக்குப் போ! போன உள்ள வை. இந்தப் பக்கம் பொம்பளைய குளிக்கப் போறாவ. எவனாவது படம் எடுத்தா போனு ஏரிக்குள்ள போயிரும்!"

"சரிங்க மதினி" என்று மகாராஜா பையன்களை ஓட்டிக்கொண்டு போனான். தெற்கேயிருந்து வந்த பையன்கள் எல்லோருக்கும் அந்தக் குரல் தெரியும். அவரவர் ஊரில் ஒவ்வொரு அத்தைக்கும் அது இருந்தது.

பெண்கள் பக்கம் என்று ஒன்று உண்டானதும் கூட்டம் தானாக நகர்ந்தது. சந்தனமாரி எல்லோரையும் வரிசையில் நிறுத்தினாள். ஒவ்வொருத்தியின் மூக்குத்தித் திருகையும் சரிபார்த்தாள், கண்ணாடிகளை வாங்கி, பின்னாலேயே வந்திருந்த கனிஷ்கா கையில் கொடுத்தாள். முதல் ஆளாகப் பாஞ்சாலியின் கையைப் பிடித்தாள்.

"ஐயோ, நான் வரல. மூச்சு முட்டும்டி. வுடு!"

"தலையக் குடுக்காதிய, தோளக் குடுங்க. செவத்தப் புடிச்சுக்கிடுங்க. வாயத் தொறக்காதிய."

கரையிலிருந்து அப்பாவு கூப்பிட்டார். "கடசியா சொன்னியே சந்தனம், அது மட்டும் ஆவாது! கட்டுனதுலேர்ந்து நானும் சொல்லிகினு கீறேன்!"

தண்ணீர் பாஞ்சாலியின் தோளில் இறங்கியது. "யம்மாடியோவ்" என்று ஒரு அலறல். அடுத்தது அலறலா சிரிப்பா என்று தெரியவில்லை. அதற்கடுத்தது சந்தேகமில்லாமல் சிரிப்பு. சந்தனமாரி கையை விட்டுவிட்டு, பக்கத்திலேயே தண்ணீருக்குள் முதுகைக் கொடுத்து நின்றாள். இரைச்சல் இரண்டு காதையும் மூடியது. பாஞ்சாலி ஏதோ கத்தினாள், கேட்கவில்லை. இவளும் பதிலுக்கு ஏதோ கத்தினாள், அதுவும் கேட்கவில்லை. இருவரும் சிரித்தார்கள்.

வரிசையில் நின்றவர்கள் பொறுமை இழந்தார்கள். பக்கத்து வீட்டு மரகதம் கை தட்டிக் கூப்பிட்டாள். "பாஞ்சாலிக்கா! வா வெளிய! நாங்கோ இன்னா கியவிங்களாவுற வரைக்கும் நிக்கறதா?"

பாஞ்சாலி வெளியே வருகிறவளாக இல்லை. ஏரியில் இறங்கிய எருமையை இழுப்பது மாதிரி மூன்று பேர் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் காலை வெயில் நன்றாக ஏறிய பிறகும் குழாயில் காற்றுதான் வந்தது. அந்த வாரம் பாஞ்சாலியின் முறை. முந்தின நாள் கலங்கல் கும்மாளத்தில் மோட்டார் போடவே இல்லை. இன்றாவது காலையிலேயே போடுவாள் என்று பார்த்தால் வாசல் கதவுகூடத் திறக்கவில்லை. குடித்தனக்காரர்கள் பக்கெட்டோடு படிக்கட்டில் நின்றார்கள். அப்பாவு வெளியே வந்து, "எயுப்பிப் பாத்துட்டேன், ஆவலப்பா. ஜென்மத்துல இப்பிடித் தூங்கி நான் பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டு அவரே மோட்டாரைப் போட்டார்.

பாஞ்சாலி ஒருவழியாக வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். முடி அவிழ்ந்து கிடந்தது. கன்னத்தில் பாய்க்கோடு. தன் வாசலில் பக்கெட் வரிசையைப் பார்த்து, பிறகு சந்தனமாரியைப் பார்த்தாள். ஈயச்சட்டி அட்டைப்பெட்டியிலிருந்து வெளியே வந்து அடுப்பில் ஏறியிருப்பதன் வாசனை கீழ்வீட்டிலிருந்து வந்தது.

"இன்னாடி செஞ்ச என்ன?" என்றாள் பாஞ்சாலி. "படுத்ததுதான் தெரியும். எய்ந்ததே இப்பதான். கை காலெல்லாம் யாரோ கயட்டி, கயுவி, மாட்டிவுட்ட மாதிரி கீது."

"அது அப்பிடித்தாங்க்கா இருக்கும்."

பாஞ்சாலிக்கு ஒரு கொட்டாவி வந்தது. அதை விட்டு முடித்ததும் வீட்டுக்காரி என்பது நினைவுக்கு வந்துவிட்டது. முடியை அள்ளிக் கொண்டை போட்டாள். குரலைக் கனமாக்கினாள்.

"இத்தோட சரியாப் பூட்ச்சுன்னு நெனச்சிக்காத. நான் காலி பண்ணச் சொன்னது சொன்னதுதான்."

சந்தனமாரி தோளில் கிடந்த துண்டை உதறி மறு தோளில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"போங்க்கா, காலியாம் காலி! கலங்கல்ல இன்னும் நாலு நாளைக்குத் தண்ணி விழும்னு ஆட்டோக்கார அண்ணாச்சி சொல்லுதாரு. தெருவுல போயிப் பாருங்க, பொம்பளைய எல்லாம் சீயக்காயும் மாத்துச் சேலையுமா எனக்காவ வரிசையில நிக்காவ. மொத எடத்துல ஒங்களத்தான் போட்டு வச்சிருக்கேன். வாரியளா, இல்ல ஒங்க எடத்தக் காலி பண்ணி மரகதத்துக்குக் குடுத்துரட்டா?"